பூட்டு போட்ட மழைத்தண்ணீர்

மிர்னா கேட்டது இரண்டு வாளி மழைத்தண்ணீர்தான். லான்டி இல்லையென்று சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மிர்னாவின் மகள் சுலேமிக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் விழா. இஸமால் ஊரில் பாதிப் பேரை அழைத்திருந்தார்கள். அந்த ஊரில் எல்லா வீட்டுக் குழாயிலும் வருவது சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து எடுக்கிற தண்ணீர். சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் போகும். குளித்து முடித்தால் தோல் இழுக்கும். சுலேமியின் முடி கயிறு திரிக்கிற கற்றாழை நார் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

முடி அலங்காரக் கடை வைத்திருந்த லான்டியின் கொல்லையில் மட்டும் ஒரு மழைநீர்த் தொட்டி. பிப்ரவரிக்கு அப்புறம் தூறல்கூடப் போடாத அந்த மே மாதத்திலும் அதில் தண்ணீர் இருந்தது. மூடிக்குப் பூட்டும் இருந்தது.

கேட்கிற விலையைத் தருகிறேன் என்று மிர்னா சொல்லிப் பார்த்தாள். லான்டி தலையை நிமிர்த்தாமலே, கடைசியில் வினிகர் விட்டு அலசினால் முடி கொஞ்சம் மிருதுவாகும் என்றாள்.

"தண்ணியை இப்படி அடைகாக்கிறீங்களே அக்கா, குஞ்சு பொரிக்கவா?"

"எனக்கு வேணும்மா."

அன்று மாலைக்குள் சந்தை முழுக்க மிர்னா சொல்லி முடித்துவிட்டாள். லான்டி கல்நெஞ்சக்காரி. தினம் கடை திறக்கும் முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் இரண்டு கேன் ஏற்றிக்கொண்டு போகிறாளே, எங்கே? ஏதோ ஹோட்டலுக்கு விற்கிறாள், வேறென்ன?

வியாழக்கிழமை காலை, கையும் களவுமாகப் பிடிக்க மிர்னா பின்னாலேயே போனாள்.

ஊர்க்கோடியில், நாலைந்து மாதம் முன்பு குடிவந்த ஒரு பெண்ணின் வீட்டில் சைக்கிள் நின்றது. மிர்னா வேலியோரமாக எட்டிப் பார்த்தாள்.

முற்றத்தில் ஸ்டூல் மேல் ஒரு பெண் குழந்தை. நாலு வயதிருக்கும். கழுத்து, முழங்கை மடிப்பு, முதுகு எல்லாம் செதில் செதிலாக வெடித்துச் சிவந்திருந்தது. லான்டி சுரைக்குடுவையில் மொண்டு மெல்ல ஊற்றினாள். சோப்பைத் தொட்டதுதான், நுரை பொங்கி வழிந்தது. இஸமாலில் சோப்பு அப்படி நுரைத்து மிர்னா பார்த்ததே இல்லை. குழந்தை நுரையை அள்ளி ஊதியது. அதன் அம்மா துண்டோடு தள்ளி நின்றாள், தலை குனிந்து.

"எரியுதா கண்ணு?" என்றாள் லான்டி.

"இன்னிக்கு எரியலை."

துடைத்துவிட்டு நிமிர்ந்த லான்டி, மிர்னாவைப் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று மிர்னா நினைத்தாள். லான்டி உள்ளே வரச் சொன்னாள். குழாய்த்தண்ணீர் பட்டால் குழந்தைக்கு நாளெல்லாம் எரிச்சல், இந்தத் தண்ணீரில் குளிப்பாட்டி மருந்து போட்டால்தான் அடங்குகிறது என்றாள். தொட்டியில் இருப்பது மழைக்காலம் வரை இவள் ஒருத்திக்கே இழுத்துப் பிடித்தால்தான் காணும் என்றாள்.

மருந்து தடவுகிற கையை மிர்னா அப்போதுதான் பார்த்தாள். நாளெல்லாம் குழாய்த்தண்ணீரில் ஊராருடைய தலையை அலசுகிற கை. விரல் கணுவெல்லாம் வெள்ளை பூத்து வெடித்துக் கிடந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தொட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு, இவள் தனக்கென்று ஒரு குடுவைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போது லான்டி மெல்ல மிதிக்க, மிர்னா சைக்கிளைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். தெருமுனையில் கேட்டாள்.

"ஏன் அக்கா ஊர்ல சொல்லலை? சொல்லியிருந்தா நான் அப்படியெல்லாம் பேசியிருப்பேனா?"

"சொன்னா, அவ யாருன்னு கேப்பீங்க. தெரிஞ்சா அவளை இங்க இருக்க விடமாட்டீங்க."

"அப்படி யாரு அவ?"

லான்டி மிதிப்பதை நிறுத்தினாள்.

"கான்கூனுக்கு வேலைக்குப் போன என் புருஷன் யாரோட அங்கேயே தங்கிட்டானோ, அவதான். இப்ப அவளையும் விட்டுட்டுப் போயிட்டான். குழந்தைக்கு அப்படியே அவனோட தோல்மா, நான் வருஷக்கணக்கா பாத்த தோல். அதை எப்படிக் குளிப்பாட்டணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"