பொன்னர்

"அந்தத் தமிழ்ப் பெண்ணின் பொன்னர் இல்லாவிட்டால் இந்தக் கோடையை நான் தாண்டியிருக்கவே மாட்டேன்."

கீழ்வீட்டு மோட்டன்சன் அம்மா, தன்னைப் பராமரிக்க வரும் பெண்ணிடம் டேனிஷில் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. உடுப்புக் கூடையோடு படியிறங்கிய விக்ரோரியா அப்படியே நின்றுவிட்டாள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்து பதினொரு மாதம். டேனிஷ் பாதி விளங்கும், பாதி விளங்காது. ஆனால் 'பொன்னர்' விளங்கும். செபங்கள். ஞாயிறு பூசையில் கொடுக்கிற தாளில் பெரிய எழுத்தில் இருக்கும்.

அந்தக் கட்டடத்தில் தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். மற்றவள் மூன்றாம் மாடி அருமைநாயகி. அவள்தான் செபத்துக்கு வருவதையே விட்டுவிட்டாளே.

அப்படியென்றால் என்னுடைய செபம்தான்.

உடுப்புத் தோய்க்கப் போகாமல் வீட்டுக்கே திரும்பினாள். வழக்கம்போலக் கதவடியில் குனிந்து, கடிதம் போடுகிற துவாரத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மன்னாரில் நின்றுவிட்ட கணவன் கிறிஸ்துநாயகத்திடமிருந்து கடிதம் வந்து நாலு மாதம். தபால் காலையில் ஒருமுறைதான் வரும். தெரிந்தும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் குனிவாள். செபமாலை உருட்டும்போதும் விரல் மணியில், காது கதவில்.

ஆண்டவர் கேட்கிறாரா, இல்லையா? அது தெரியாமல்தான் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. கீழ்வீட்டம்மாவுக்காகச் சொன்னதைக் கேட்டவர், கணவனுக்காகச் சொல்வதையும் கேட்பார்.

பின்னேரம் ஆறு மணிச் செபமாலைக்கு அவள் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கீழ்வீட்டம்மா தன்ர வாயால சொன்னவ. என்ர பொன்னராலதான் உயிரோட இருக்கிறாவாம்."

"பொன்னரோ?" என்றாள் பக்கத்துத் தெரு மேரிசெலின். "எங்கட ஊரில பொன்னர் கள்ளுக்கொட்டில்லயெல்லோ இருந்தவர்."

எல்லாரும் சிரித்தார்கள். விக்ரோரியா சிரிக்கவில்லை.

"செபத்துக்கு டேனிஷில அப்பிடித்தான் சொல்லுறது அக்கா. சித்திரையில அவ விழுந்து இடுப்பு உடைஞ்ச நாள் தொடக்கம், அவவுக்கெண்டு செபமாலையில ஒரு பத்து மணி கூடச் சொல்லுறன்தானே. கீழ கேட்டிருக்கு."

"அப்ப இனிக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுவம்," என்றார் சூசைதாசன் அண்ணை.

மேரிசெலின் சுற்றிப் பார்த்தாள். "மூண்டாம் மாடி மகாராணி இண்டைக்கும் வரேல்லையோ?"

"அருமைநாயகியக்காவோ? அவவுக்கு அஞ்சு மணிக்குப் போஞ்சித் தோட்டம், ஆறு மணிக்கு அடுப்பு. நகரசபை குடுத்த அந்தத் துண்டுக் காணிதான் இப்ப கோயில்."

"நீ கூப்பிட்டுப் பாக்கேல்லையே?"

"கூப்பிட்டன். 'நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி, எனக்கு வேலை கிடக்கு' எண்டா." விக்ரோரியா பெருமூச்சு விட்டாள். "ஆண்டவரோட ஒட்டியிருக்க வேணும் அக்கா. கொடியை விட்டு அறுந்தது எங்க காய்க்கப்போகுது?"

அருமைநாயகியின் மனமாற்றத்துக்காகவும் அன்று ஒரு பத்து மணி சேர்த்துக்கொண்டார்கள்.

அதன்பின் ஒன்பது நாள், நவநாள் மாதிரி, விக்ரோரியா தொண்டை கட்டும்வரை சொன்னாள். கடிதம் வரவில்லை. கீழ்வீட்டம்மாவுக்குப் பலித்தது தனக்கு ஏன் பலிக்கவில்லை என்று கட்டிலிலும் குசினியிலும் யோசித்தாள்.

பத்தாம் நாள், ஐந்தரை மணிக்கே ஆட்கள் வந்து பாயில் இருந்துவிட்டார்கள். அவளுக்கு இருக்க முடியவில்லை. குப்பை போடுகிற சாட்டில் கீழே இறங்கினாள்.

மோட்டன்சன் அம்மா ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். கையில் மூடி போட்ட ஒரு கிண்ணம்.

"நல்லவேளை வந்தாய். என்னால் படி ஏற முடியாது. இதை மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறாயா? பொன்னருக்கு நன்றி என்று சொல்."

விக்ரோரியாவுக்குப் பிடிபட்டது பொன்னரும் நன்றியும்தான். நெஞ்சில் கைவைத்தாள். "என்னுடைய பொன்னர். ஒவ்வொரு நாளும். உங்களுக்காக," என்றாள் தெரிந்த டேனிஷில்.

அம்மா விளங்காமல் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார். எவர்சில்வர் கிண்ணம். பாலில் அவித்த பச்சைப் போஞ்சிக்காய்த் துண்டு இரண்டு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை விரலால் எடுத்து, சின்னப் பிள்ளைக்குப் படிப்பிப்பது போலத் தூக்கிக் காட்டினார்.

"பொன்னர்."

விக்ரோரியா போஞ்சியைப் பார்த்தாள்.

"தினமும் ஆறரை மணிக்குக் கொண்டுவருவாள். உறைப்பே இல்லை. அவளுக்கு டேனிஷ் வராது, எனக்கு அவள் பேச்சு தெரியாது. ஆனாலும் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பாள். நேற்று கிண்ணத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள். இது இல்லாமல் இன்றைக்கு எதில் கொண்டுவருவாள்?"

விக்ரோரியா கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஊரில் பாத்திரக் கடையில் பொறித்த எழுத்து, புள்ளி புள்ளியாக: அருமைநாயகி.

மேலே மெழுகுதிரி கொளுத்தியாகிவிட்டது.

"எங்க போனனீ?" என்றாள் மேரிசெலின். "கடிதம் ஏதும் வந்ததோ?"

விக்ரோரியா கிண்ணத்தின் அடியை எல்லாருக்கும் தெரியத் திருப்பிப் பிடித்தாள்.

"பொன்னர் எண்டால் போஞ்சியுமாம் அக்கா. கீழ்வீட்டம்மா சொன்னது இதைத்தான். என்ர செபத்தை இல்லை."

சூசைதாசன் அண்ணை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பெயரை வாசித்தார்.

"நீங்கள் தொடங்குங்கோ," என்று தன் செபமாலையை மேரிசெலினின் கையில் கொடுத்தாள் விக்ரோரியா. குசினிக்குள் போய்க் கிண்ணத்தைக் கழுவித் துடைத்தாள். கதவைத் திறந்தாள். குனியாமல் துவாரத்தைக் கடந்து, மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.