ஒரு வரி மறுப்பு

சினிமாப் பாட்டு ஒன்றுகூடப் போடாமல், தறி ஓடும் சத்தத்தையும் பஸ் கதவு அடிபடும் சத்தத்தையும் தாளமாக்கி ஊரையே ஆடவைத்த டி.ஜே. ரெக்ஸனைப் பற்றி, பத்து வருட ரசிகையான சுகிர்தா பத்திரிகையில் மனம் உருகி எழுதினாள். அந்த உருக்கத்தில், அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது என்பதையும் எழுதிவிட்டாள். வெளியே சொல்ல வேண்டாம் என்று அவளிடம் மட்டும் அவர் சொன்னது அது. படித்தவர்கள் வியப்பார்கள் என்று நினைத்தாள். இரண்டே வாரத்தில் அவருடைய மூன்று நிகழ்ச்சிகள் ரத்தாயின.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை. "நல்லாத்தாம்மா எழுதியிருந்தீங்க," என்றார். "ஒரே ஒரு உதவி. ரெக்ஸனுக்குக் காது நல்லாக் கேக்குது, நான்தான் தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி போட்டுருங்க."

"கண்டிப்பா சார். நாளைக்கே போட்டுடறேன்."

அவர் முகம் தெளிந்தது. யாருக்கும் போட்டுக் காட்டாத புது இசை ஒன்றைத் தன் ஹெட்ஃபோனில் கேட்கக் கொடுத்தார். இடப்பக்கம் அற்புதமாக இருந்தது. வலப்பக்கத்தில், தொடக்கத்திலிருந்தே, ஆணியால் கண்ணாடியைக் கீறுவதுபோல ஒரு கீச்சொலி விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தான் பேசுவது அவளுக்குக் கேட்கட்டும் என்று அவர் குனிந்து, அவள் இடது காதை மூடியிருந்த ஹெட்ஃபோன் பக்கத்தை மட்டும் மெல்ல விலக்கினார்.

"எப்படிம்மா இருக்கு? வெள்ளிக்கிழமை வெளியிடறேன்."

இப்போது அவளுக்குக் கீச்சொலி மட்டுமே கேட்டது.

"பிரமாதம் சார்," என்றாள்.