ராசிக்காரப் பாப்பா

"சார், நம்ம லீடரு இன்னிக்கும் தூங்கிகினு இருக்காங்க. ஒரு தபா நீங்களே வந்து பாருங்க!"

முதலாளி தேவநேசனிடம் அருள்பிரகாஷ் ஒரேயடியாகப் பொங்கினான்.

சரிகைக் கடைக்கு மேல் மாடியில் சின்ன ஆபீஸ். ஆரணிப் பட்டுச் சேலைகளை ஊர் உலகத்துக்கெல்லாம் விற்கிற ஆப்பை அங்கேதான் நடத்துகிறார்கள். அதை எழுதியவன் அருள். அவனுக்கு லீடர் சிவசங்கரி.

அவள்மேல் அவனுக்குப் பழைய கடுப்பு வேறு. எழுதும்போது என்ன நச்சரிப்பு!

"மாறக்கூடியதை எல்லாம் கோட்ல எழுதாத அருள். கோடைக் கன்டெய்னர்ங்கற பொட்டில போட்டு மூடினப்புறம் அதைத் திரும்பப் பிரிக்கறது பேஜாரு. வெளிய இருக்கற கன்ஃபிக் ஃபைல்ல தனியா வை. ஆளு மாறினா அங்க ஒரு வரி மாத்திக்கலாம்."

ஆப் படுத்துவிட்டால், பார்த்துக்கொள்பவரை அதுவே போனில் பேர் சொல்லிக் கூப்பிடும். அந்த நம்பரைக் கன்ஃபிக்கில் வைக்கச் சொன்னாள். வைத்தான். பேரையும் வை என்றாள்.

"என் பேரு மாறவா போவுது?" என்று கோடிலேயே எழுதிவிட்டான் அருள். விடாக்கண்டன்!

"வெளிநாட்டு ஆர்டர் ராத்திரிலதான் சார் வருது. அதைப் பாத்துக்கறது நானு" என்றான் இப்போது. "எனக்குப் பாப்பா பொறந்ததுலேர்ந்து ஆப் ஒரு நாள்கூடப் படுக்கல. கர்த்தர் கிருபை, பாப்பா ராசி! எனக்கு ஒரு போன் வரல. நானே நல்லா தூங்கறேன். பகல்ல இவங்களுக்கு இன்னா சார் தூக்கம்?"

தேவநேசன் எழுந்தார். "நெசமா இருந்தா நாளையிலேர்ந்து நீதான் லீடரு. வா."

நெசம்தான். மேஜைமேல் தலைசாய்த்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள் சிவசங்கரி. அருளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அலறியது. அவள் அசையவில்லை. தேவநேசனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் அருள்பிரகாஷ். பணம் கட்டும் பகுதி நின்றுவிட்டது. உடனே கவனிக்கவும்."

அருள் தன் போனைப் பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை.

சிவசங்கரி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "ஒரு நிமிஷம் சார்" என்று கம்ப்யூட்டரில் தட்டி, ஆப்பை மறுபடி ஓட வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா இது, உன் போன்ல அருளைக் கூப்புடுது?"



"அவர் வீட்ல கைக்குழந்தை சார். ராத்திரில போன் அடிச்சா தாயும் புள்ளையும் எழுந்துக்கும். அதான் ஒரு மாசமா கன்ஃபிக்ல என் நம்பரை வச்சிருக்கேன்" என்றாள் கண்ணைக் கசக்கியபடி. "பேரையும் சேர்த்து மாத்தியிருப்பேன். அதைத்தான் அவர் கோட்லயே எழுதிட்டாரே!"