முதல் பரிசுப் படைப்பு

சிதம்பரம் கலைக்கண்காட்சியில், தன் குழுவின் திரையை மறித்துக்கொண்டு நின்றான் லியோ.

"அஞ்சு நிமிசம் பொறுங்க மாமா, இன்னும் தெறக்கல."

"நவுரு தம்பி" என்று அவனை ஒதுக்கிவிட்டு, திரையை விலக்கிப் பார்த்த பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து எட்டிப் பார்த்த அம்மாள் கண்ணைத் துடைத்தபடி போனாள். நடுவரும் பார்த்தார்.

"தத்துவத்த இதுக்குமேல யாரும் காட்ட முடியாது. மொதப் பரிசு."

லியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு பேர், நாலு மாத உழைப்பு.

போனில் கூட்டாளி சந்திரலேகா.

"லாரிக்குப் பஞ்சர் ஒட்டியாச்சு லியோ. சிப்பிப் படகோட புதுச்சத்திரம் தாண்டிட்டோம். தெரைக்குப் பின்னால எடம் காலியாதானே இருக்கு?"

"அப்படியே கடலூருக்குத் திருப்பு. இனிமே அங்க எதையாச்சும் வச்சா பரிசப் புடுங்கிடுவாங்க."