ஜன்னலுக்கு வெளியே பனி

“பனியை இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் பிடி காவேரி. கீழ நம்ம பீரோ தெரியுது.”

காவேரி நாற்காலி மேல் நின்றபடி பனியைத் தூக்கினாள். ஆறடிக்கு நாலடி பிளக்ஸ் பேனர் அது. வெள்ளைச் சட்டம் போட்ட ஒரு ஜன்னல், அதற்கு வெளியே மூனிச் நகரத்துப் பனி. மகள் ஜெயப்ரியா அனுப்பிய போட்டோவை ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொடுத்து அடித்தது.

“கடைக்காரன், காதுகுத்து யாருக்குங்க, பேரு எங்க போடணும்னு கேட்டானாமே.”

“சிரிக்காத. ஆடுது.”

சிவராஜ் ஸ்வெட்டர் போட்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். ஃபேன் ஓடினால் பனி பறக்கும் என்பதால் அதையும் நிறுத்தியாயிற்று. மார்ச் மாதம், மாலை நாலு மணி. வேர்வை ஸ்வெட்டருக்குள் ஆறாக ஓடியது.

ரிட்டயர் ஆனதும் இருவரும் மகள் வீட்டில் எண்பத்தெட்டு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். அது முடிந்து இரண்டு வருடம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் கூடும் ‘ராகமும் ரயிலும்’ என்ற முகநூல் குழுவில், ‘நான் மூனிச்சில் இருந்தபோது’ என்று சிவராஜ் பயண நினைவு எழுதினார். ஒன்பது லைக். அதில் இரண்டு வீட்டிலேயே விழுந்தவை. அடுத்த வாரம், ‘இங்கே வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே நானும் ஒரு பழைய பாட்டும்’ என்று எழுதினார். நானூறு லைக். அதன்பிறகு அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. குழுவின் நாலாயிரம் பேருக்கு அவர் இன்னும் ஜெர்மனியில்தான் இருக்கிறார்.

போன வாரம்தான் வினை வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து முனகிய ஒரு ராகத்தைப் பதிவு செய்து போட்டார். பொற்கொடி என்கிற அம்மாள் கீழே ஒரே ஒரு வரி எழுதினாள். ‘ஐயா, மூனிச் அபார்ட்மெண்டில் சேவல் கூவுமா?’

இருநூறு பேர் சிரித்துவைத்தார்கள். விளக்கம் வராவிட்டால் குழுவிலிருந்து நீக்க வேண்டிவரும் என்று அட்மின் எழுதினார். அவருக்காகப் பரிந்து பேசியவர் மெல்போர்னில் இருக்கும் கோவிந்தப்பன் ஒருவர்தான். ‘வீடியோவில் வாருங்கள். நான் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.’

“எண்பத்தெட்டு நாளும் ரசம் ரசம்னு பொலம்பினீங்க,” என்றாள் காவேரி பனிக்குப் பின்னாலிருந்து. “பனி வழுக்கும்னு பொண்ணு வீட்டு வாசப்படிகூட தாண்டல.”

“பயணம்னா கால்ல நடக்கறது மட்டும் இல்ல. உள்ளுக்குள்ள நடக்கணும்.”

“உள்ளதான் நடந்தீங்க. ஹாலுக்கும் பாத்ரூமுக்கும்.”

போன் ஒலித்தது. திரையில் கோவிந்தப்பன் தெரிந்தார். பின்னால் கனமான கறுப்புத் திரைச்சீலை, பக்கத்தில் மேஜை விளக்கு, அதனடியில் ஒரு கோலா பொம்மை.

“வணக்கம் சிவராஜ் சார். இங்க ராத்திரி ஒம்பதரை. ஊரே அடங்கிடுச்சு.”

“வணக்கம் சார். எங்களுக்கு இன்னும் பகல் பதினொன்றரைதான்.”

“என்னா பனி சார். ரொம்ப குளுருதுங்களா?”

“மைனஸ் ரெண்டு,” என்று சிவராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“வேர்க்குதுங்களே?”

“ஹீட்டர் சார். இந்த ஜெர்மன்காரங்க அதைப் போட்டா நிறுத்தவே மாட்டாங்க.”

பின்னால் ஒரு ‘க்ளுக்’ சத்தம். மூனிச் ஒரு முறை குலுங்கி அடங்கியது.

“பனியோட ஜன்னலும் சேந்து ஆடுதுங்களே சார்?”

“காத்து.”

கோவிந்தப்பன் அதற்கு மேல் துருவவில்லை. பெரிய மனிதர். “ஒரு ஆலாபனையை முழுசா கேக்கணும்னா நம்ம மாதிரி வெளிநாட்டுல இருக்கணும் சார். ஊர்ல முடியுமா? ஹாரன், மைக்கு, தெருவெல்லாம் கத்தல்.”

“அந்த எரைச்சல்ல எப்படித்தான் இத்தனை வருசம் இருந்தமோ.”

இருவரும் தாய்மண்ணுக்காக ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

“சரி சார், நான் பாத்துட்டேன். இப்பவே குரூப்புல எழுதிடறேன். அப்படியே நீங்களும், மெல்போர்ன்ல என்னைப் பாத்தேன்னு ஒரு வரி…”

அப்போது தெருவுக்குள் ஒரு சரக்கு ஆட்டோ நுழைந்தது. ஒலிபெருக்கி ராயக்கோட்டைத் தக்காளியைத் தமிழில் ஒரு தடவை கூவிவிட்டு, தெலுங்கிலும் கன்னடத்திலும் தொடர்ந்தது. அடைத்த ஜன்னலையும் மீறி அது வீட்டுக்குள் வந்தது.

சிவராஜ் பாய்ந்து போனின் மைக்கை அணைத்தார்.

“சார்? உங்க குரல் வரலியே?”

சிவராஜ் காதைத் தொட்டுக் காட்டி, நெட்வொர்க் சரியில்லை என்பதுபோல் கையை விரித்தார். உதடு அசையாமல் பின்பக்கம் சீறினார். “போய் அவனைத் தெருவை விட்டே தொரத்து.”

காவேரி பேனரின் மூலையைத் துணி கிளிப்பால் கொடியில் மாட்டிவிட்டுக் கீழே ஓடினாள். பனி ஒரு பக்கம் சரிந்தது. சிவராஜ் தலையைச் சாய்த்துப் பீரோவை மறைத்துக்கொண்டார். தக்காளிச் சத்தம் நகர்ந்தது, அடுத்த தெரு முனையில் திரும்பியது, தேய்ந்து அடங்கியது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மைக்கை மட்டும் இன்னும் திறக்கவில்லை.

திரையில் கோவிந்தப்பனின் முகம் திடீரென்று வெளிறியது. அவசரமாகத் தன் போனில் எதையோ தேடினார்.

அவர் விரல் அந்தப் பொத்தானை எட்டுவதற்குள், மெல்போர்ன் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து காவேரியின் குரல் கணீரென்று வந்தது: “யோவ் தக்காளி, அந்த மைக்கைக் கொஞ்சம் நிறுத்துய்யா. எங்க வீட்டுக்காரரு ஜெர்மனியிலேருந்து பேசினு இருக்காரு.”