பிடுங்கிய ப்ளக்

பாலத்தின் வரைபடம் வீட்டுக் கணினியில் இருந்தது. பதினோரு மணிக்குள் அதைக் கொடுக்காவிட்டால் மேலாளர் சீட்டைக் கிழித்துவிடுவார். வரைவாளன் அலுவலகத்திலிருந்தே வீட்டுக் கணினிக்குள் நுழையப் பார்த்தான். மூன்று முறை கடவுச்சொல் அடித்தும் இணைப்பு கிடைக்கவில்லை. அக்காவுக்குப் போன் செய்தான்.

“கம்ப்யூட்டர் ஓடுதான்னு பாருக்கா.”

“எப்படிடா ஓடும்? பெருக்குறதுக்காகக் காலையிலயே ப்ளக்கைப் பிடுங்கிட்டேன்.”

“பெருக்க உனக்கு வேற நாளே கிடைக்கலையா? சீக்கிரம் மாட்டு.”

“கத்தாதே. உன் மேஜைக்கடியில குப்பை மலையா கிடக்கு. இரு, ப்ளக்கைக் கையில எடுத்துட்டேன்.”

திரையில் இணைப்பு கிடைத்தது. வரைபடம் இறங்கத் தொடங்கியது. பத்து சதவீதம், பதினைந்து.

“மாட்டிட்டியா?”

“இல்லடா, கையிலதான் இருக்கு. மேஜையை நகர்த்தணும்.”

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து ஐம்பத்திரண்டு. இப்போது மாட்டினால் கணினி புதிதாகத் தொடங்கும், இணைப்பு அறுந்துவிடும்.

“மாட்டாதே,” என்றான். “அப்படியே பிடிச்சுக்கோ.”

நாற்பது சதவீதத்தில் அக்கா சொன்னாள், “ப்ளக்கு சுடுதுடா.”

“கொஞ்சம் பொறுத்துக்கோக்கா.”

அறுபதில் அவள் குரல் மாறியது. “டேய், கீழ போட முடியல. விரல் விரியல.”

அவன் போனின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.