பொத்தான்மேல் விரல்

மத்தியான வெயில் துறைமுக அலுவலக ஜன்னல் வழியாக ரேடியோப் பெட்டியின் மேல் சரிந்து கிடக்கிறது. கரையில் ஒரு இலைகூட அசையவில்லை. புயலெல்லாம் அவள் கணவனின் கப்பல் போயிருக்கும் நடுக்கடலில்தான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, பொத்தானை அமுக்கி, "ஏங்க, கேக்குதா? ரேடியோக்காரர் பக்கத்துல இருந்தா என்ன, வெக்கப்படாம பேசுங்க" என்கிறாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. "பட்டனை விடுங்கம்மா. நீங்க அமுக்கிட்டே இருந்தா அவரு பேசுறது இங்க வராது" என்கிறார் ரேடியோக்காரர். தலையாட்டுகிறாள், விடவில்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதை, குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுவதை, அவன் தம்பி வந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் கோபித்துக்கொண்டு போனதை மூச்சுவிடாமல் சொல்கிறாள். "அம்மா, விரலை எடுங்க." கட்டைவிரல் நுனி வெளுத்திருக்கிறது. சற்றுமுன் ஒருமுறை எடுத்துத்தான் பார்த்தாள். எண்ணெய் பொரிகிற மாதிரி வெறும் இரைச்சல் மட்டும் வந்தது, வந்துகொண்டே இருந்தது. இப்போது இன்னும் அழுத்திப் பிடிக்கிறாள். விரல் அங்கே இருக்கும்வரை, அவன் குரல் வராததற்கு இந்தப் பொத்தான்தான் காரணம்.